லாக்-அவுட் ஆயிட்டேன்லா?

எங்க ஊர்ல பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரை விட்டு எந்திரிக்கிறவங்க முக்கால்வாசிப் பேர் ஒரு கேள்வி கேட்பாங்க: "தம்பி, லாக்-அவுட் ஆயிட்டேன்லா? இனி வேற யாரும் பாக்க முடியாதுல்லா?" ஒரே மூச்சுல வரும். ஆனா அது ரெண்டு கேள்வி. முதலாவதுக்கு "ஆமா"ன்னு பதில் இருக்கிறப்பவே ரெண்டாவதுக்கு "பாக்கலாம்"னு பதில் இருக்கக்கூடும். நாலு வருஷம் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சதுல இந்த வித்தியாசத்தை எந்த சப்ஜெக்ட்லயும் யாரும் தனியா எடுத்துச் சொல்லல. வெப் டெக்னாலஜி லேப்ல லாகின் பேஜ் எழுதுறது ஒரு முழு எக்சர்சைஸ். லாக்-அவுட்டுங்கிறது அந்த புரோகிராமோட கடைசி ரெண்டு வரி, பெல் அடிக்கிற நேரத்துல அடிக்கிறது.

என் சித்தப்பா தென்காசியில ஒரு பிரவுசிங் சென்டர் வச்சிருக்காங்க. போர்டுல இருக்கிற பேர்தான் அது. உள்ள நாலு கம்ப்யூட்டர், ரெண்டு ஜெராக்ஸ் மெஷின், ஒரு லேமினேஷன் மெஷின், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கச் சுவத்துல ஒரு நீலத் துணி. லீவுல நான் அங்கதான் இருப்பேன். "எல்லார் கையிலயும் போன் இருக்கு, யார்டா இன்னும் சென்டருக்குப் போறா"ன்னு ஹாஸ்டல்ல சென்னைப் பசங்க கேட்பாங்க. ஜூன் மாசம் ஒரு நாள் வந்து பாருங்க.

ஜூன்ல ரெண்டு கூட்டம் ஒண்ணா வரும். ஒண்ணு, பிளஸ் டூ முடிச்ச பிள்ளைகள். 2018-ல இன்ஜினியரிங் கவுன்சிலிங் ஆன்லைனுக்கு மாறுச்சு. அதுக்கு முன்னால சென்னைக்கு பஸ் ஏறி அண்ணா யுனிவர்சிட்டி வரைக்கும் போகணும். இப்ப ஆலங்குளம், சுரண்டை, கடையம் பக்கத்துல இருந்து தென்காசிக்கு பஸ் ஏறினாப் போதும். வீட்ல போன் இருக்கும், அதுல நெட்டும் இருக்கும். ஆனா சாதிச் சான்றிதழை ஸ்கேன் பண்ணு, இத்தனை கேபிக்குள்ள சுருக்கு, பிடிஎஃப் ஆக்கு, பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு மறுபடி ஏத்துன்னு தளம் சொல்றப்ப, உடைஞ்ச கண்ணாடி போட்ட போனை வச்சுக்கிட்டு எத்தனை பேரால அதைச் செய்ய முடியும்?

இன்னொரு கூட்டம் குற்றாலத்துல இருந்து வரும். சாரல் ஆரம்பிச்சாச்சுன்னா மெயின் அருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் எல்லாம் ஜனம். போனை பிளாஸ்டிக் கவர்ல போட்டுக் கழுத்துல மாட்டிக்கிட்டு அருவிக்குள்ள நிக்கிறவங்க உண்டு. (அந்தக் கவரை நம்பாதீங்க. வருஷா வருஷம் பார்க்கிறேன்.) போன் செத்துடும். ரிட்டர்ன் டிக்கெட் அதுலதான் இருக்கும், லாட்ஜ்ல காட்ட வேண்டிய ஆதாரும் அதுலதான் இருக்கும். அஞ்சு கிலோமீட்டர் ஆட்டோ பிடிச்சு, தலையில ஈரம் காயாம, உடம்புல மசாஜ் எண்ணெய் வாசனையோட சித்தப்பா கடையில வந்து நிப்பாங்க. ஓடிபி வீட்டுக்காரம்மா போனுக்கு வர்ற மாதிரி இருந்தா தப்பிச்சாங்க.

ஆகவே ஒரே கம்ப்யூட்டர்ல, ஒரே மணி நேரத்துல, கோயம்புத்தூர் குடும்பத்தோட ரயில் டிக்கெட், சுரண்டைப் பிள்ளையோட மார்க் ஷீட், கடையம் பெரியவரோட பட்டா நகல். இந்தப் படத்தை மனசுல வச்சுக்கோங்க. ஏன்னா வெப்சைட் எழுதுறவங்க மனசுல இந்தப் படம் இல்ல.

போன வருஷம் ஜூன்ல நடந்தது இது. பிளஸ் டூ முடிச்ச ஒரு பிள்ளை, ஒரு தளத்துல உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வந்துச்சு. தளத்தோட பேர் வேண்டாம். மூணாம் நம்பர் கம்ப்யூட்டர். எல்லாத்தையும் நிரப்பி, பிரிண்ட் எடுத்து, லாக்-அவுட் பட்டனை அழுத்தி, லாகின் பக்கம் திரும்ப வந்ததைப் பார்த்துட்டுத்தான் எந்திரிச்சுச்சு. செய்ய வேண்டியது எல்லாம் சரியாச் செஞ்ச பிள்ளை. அடுத்து அதே மெஷின்ல ஒரு பையன் உட்கார்ந்தான்.

மூணாம் நாள் அந்தப் பிள்ளையோட அம்மா வந்தாங்க. ரெண்டு ராத்திரியா மகள் நம்பருக்குத் தெரியாத நம்பர்ல இருந்து போன் வருது, எடுத்தா பேரைச் சொல்லிக் கூப்பிட்டுச் சிரிக்கிறான். அந்த நம்பர் புது சிம். விண்ணப்பத்துக்குன்னே வாங்கினது. வேற எங்கயும் குடுக்கல.

"அண்ணாச்சி, இந்தக் கடையில வச்சுத்தான் நம்பரைப் போட்டோம். நீங்க இல்லைன்னா வேற ஆரு?"

சித்தப்பா பதினெட்டு வருஷமா அந்தக் கடையில இருக்காங்க. எத்தனையோ பேரோட பாஸ்வேர்டை அவங்களே டைப் பண்ணிக் குடுத்திருக்காங்க, ஒரு பேச்சு வந்ததில்ல. "நான் குடுக்கலம்மா"ன்னு மட்டும் சொன்னாங்க. கடையில நின்ன நாலு பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அந்த அம்மா அந்தத் தளத்தைக் கேட்கல, அதை எழுதின கம்பெனியைக் கேட்கல. அவங்க கண்ணுக்குத் தெரியிறது கல்லாவுல உட்கார்ந்திருக்கிற ஆள் ஒருத்தர்தான்.

சித்தப்பாகிட்ட ஒரு நோட்டு இருக்கு. மத்திய அரசோட சைபர் கஃபே விதிகள் 2011-ல வந்துச்சு. யார் வந்தா, எந்த அடையாள அட்டை, எந்த மெஷின், எத்தனை மணிக்கு உட்கார்ந்து எத்தனை மணிக்கு எந்திரிச்சாங்கன்னு எழுதி வைக்கணும், ஒரு வருஷமாவது அதை வச்சிருக்கணும். தடுப்பு வச்சா நாலரை அடிக்கு மேல உயரம் கூடாதுன்னு அளவு வரைக்கும் அதுல உண்டு. அந்த நோட்டைப் புரட்டி, மூணாம் மெஷின்ல அடுத்து உட்கார்ந்த பேரைக் கண்டுபிடிச்சு, அந்தப் பையனோட அப்பாவுக்கு போன் போட்டாங்க. சாயங்காலம் பையன் வந்தான். அழுதுக்கிட்டே அவன் சொன்னது ஒரே வரி: "நான் ஒண்ணும் பண்ணல, பேக் அமுக்கினேன், அது வந்துச்சு."

போன் பண்ணினது அவன் செஞ்ச தப்பு, அதுல ரெண்டு பேச்சு இல்ல. ஆனா "பேக் அமுக்கினேன், வந்துச்சு" என்பது உண்மை. அன்னைக்கு ராத்திரி ஷட்டரை இறக்கின பிறகு நானே அந்தத் தளத்துல என் நம்பரை வச்சு ஒரு கணக்கு தொடங்கிப் பார்த்தேன். உள்ள போனேன், விவரங்களைப் போட்டேன், லாக்-அவுட் பண்ணினேன், பேக் அம்புக்குறியை அழுத்தினேன். என் பேர், சாதி, அப்பா வருமானம், போன் நம்பர், எல்லாம் அப்படியே. அந்தப் பக்கத்துல எஃப்5 தட்டினா உடனே லாகின் பக்கம். மறுபடி உள்ள போயி, லாக்-அவுட் பண்ணி, இந்தத் தடவை நெட் கேபிளைப் பிடுங்கிட்டு பேக் அழுத்தினேன். அப்பவும் வந்துச்சு.

இந்த ரெண்டு சோதனையும் போதும், என்ன நடக்குதுன்னு புரிய. எஃப்5 தட்டினா லாகின் கேட்குதுன்னா சர்வர் தன் வேலையை ஒழுங்காச் செஞ்சிருக்கு. கேபிள் இல்லாமலே பக்கம் வருதுன்னா அது சர்வர்ல இருந்து வரல.

கொஞ்சம் பின்னால போகலாம். ஹெச்டிடிபிக்கு ஞாபகசக்தி கிடையாது. ஒவ்வொரு கோரிக்கையும் அதுக்குப் புது ஆள். அதனாலதான் 1994-ல நெட்ஸ்கேப்ல லூ மாண்டுல்லி குக்கியைக் கொண்டு வந்தார். காசி விஸ்வநாதர் கோயில் வாசல்ல செருப்பு விட்டா ஒரு டோக்கன் குடுப்பாங்கல்ல, அதுதான் செஷன் குக்கி. டோக்கன்ல உங்க பேரும் இல்ல, செருப்போட கலரும் இல்ல. வெறும் நம்பர். எந்த நம்பருக்கு எந்தச் செருப்புங்கிறது ஸ்டாண்டுல இருக்கிறவருக்குத்தான் தெரியும். லாக்-அவுட்னா அந்த நம்பரை அவர் அடிச்சிடுறார், உங்க கையில இருக்கிற டோக்கனையும் திருப்பி வாங்கிக்கிறார். இனி யார் அந்த நம்பரைச் சொன்னாலும் ஒண்ணும் கிடைக்காது.

ஆனா டோக்கனைக் காட்டி ஏற்கெனவே வாங்கின பக்கம்? அது பிரவுசர் கையில இருக்கு. அதைத் திருப்பிக் கேட்க சர்வருக்கு வழி இல்ல. ஜெராக்ஸ் கடையில இருக்கிறவனுக்கு இது நல்லாப் புரியும். காப்பியை வாங்கிக்கிட்டு ஒரிஜினலை மெஷின் மூடிக்குள்ள விட்டுட்டுப் போறவங்க தினம் ஒருத்தராவது உண்டு. அடுத்து மூடியைத் திறக்கிறவர் பார்த்துடுவார். அவர் திருடன் இல்ல, மூடியைத் திறந்தார், அவ்வளவுதான்.

பிரவுசர் பக்கங்களைப் பதுக்கி வைக்கிற இடத்துக்குப் பேர் கேஷ். (கேஷ்னா சித்தப்பாவுக்குக் கல்லாப்பெட்டிதான். அவங்களுக்கு இதை விளக்க எனக்கு ஒரு டீ நேரம் ஆச்சு.) பேக் பட்டன் விஷயத்துல ரெண்டு பதுக்கல் இருக்கு. ஒண்ணு சாதாரண ஹெச்டிடிபி கேஷ். படம், சிஎஸ்எஸ், ஹெச்டிஎம்எல் எல்லாம் டிஸ்க்ல கிடக்கும். இன்னொண்ணு பிஎஃப்-கேஷ், அதாவது பேக்-ஃபார்வர்டு கேஷ். இது பக்கத்தோட கோப்பை மட்டும் வைக்காது. பக்கத்தையே, அதுல ஓடிக்கிட்டிருந்த ஜாவாஸ்கிரிப்ட் உட்பட, அப்படியே உறைய வச்சு மெமரியில நிறுத்தி வைக்கும். பேக் அழுத்தினா உறைஞ்சது உருகி எந்திரிச்சு உட்காரும், நீங்க பாதி டைப் பண்ணின எழுத்தோட. ஃபயர்ஃபாக்ஸ்ல 2005-லயே 1.5 பதிப்புல வந்துச்சு. டெஸ்க்டாப் குரோம்ல 2021-ல வந்துச்சு.

இது பக் இல்ல. அதைத்தான் நான் முதல்ல நம்பல. 1999-ல வந்த ஹெச்டிடிபி 1.1 ஆவணம், ஆர்எஃப்சி 2616, இதுக்குன்னே ஒரு சின்னப் பகுதி ஒதுக்கியிருக்கு. கேஷ் வேற, ஹிஸ்டரி வேற. பேக் அழுத்துறவர் அன்னைக்கு என்ன பார்த்தாரோ அதைத்தான் பார்க்க விரும்புறார், புதுசா எடுத்துட்டு வரணும்னு அவசியம் இல்ல என்பது அதோட கருத்து. நியாயமான கருத்தும்கூட. நியூஸ் படிச்சிட்டுப் பின்னால போறப்ப பழைய பக்கம் டக்குனு வரணும்னுதான் நாமளும் எதிர்பார்க்கிறோம்.

எனக்கு உறுத்தினது வேற ஒரு வார்த்தை. கேஷ் பத்தின இப்போதைய ஆவணம் 2022-ல வந்த ஆர்எஃப்சி 9111. அது கேஷை ரெண்டாப் பிரிக்குது: ஷேர்டு, பிரைவேட். நடுவுல பல பேருக்குப் பொதுவா இருக்கிற ப்ராக்ஸி, சிடிஎன் மாதிரி ஆட்கள் ஷேர்டு. ஒரே ஒரு பயனருக்கானது பிரைவேட், பெரும்பாலும் பிரவுசருக்குள்ள இருக்கிறது. தளம் எழுதுறவர் "கேஷ்-கண்ட்ரோல்: பிரைவேட்"னு ஒரு தலைப்பு வரி போட்டா, "இது அந்தரங்கம், நடுவுல யாரும் சேமிக்காதே, அவரோட பிரவுசர் மட்டும் வச்சுக்கலாம்"னு அர்த்தம். அவரோட பிரவுசர்! சித்தப்பா கடை மூணாம் மெஷின்ல ஒரு நாளைக்கு முப்பது பேர் உட்கார்ற குரோம்ல, "அவர்" யார்? ஒரு பிரவுசர்னா ஒரு ஆள் என்கிற கணக்கு அந்த வார்த்தைக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. கலிஃபோர்னியாவுல அந்தக் கணக்கு சரியா இருக்கலாம். தென்காசியில ஜூன் மாசம் தப்பு.

பேர் வச்சதுல இன்னொரு கொடுமை, "நோ-கேஷ்". கேட்டா என்ன தோணும்? சேமிக்காதேன்னு தோணும். இல்ல. சேமிச்சுக்கோ, ஆனா திரும்ப எடுத்துக் குடுக்கிறதுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்தை கேளுன்னு அர்த்தம். பேக் பட்டன்ல அந்தக் கேட்கிற வேலையும் நடக்கணும்னு இல்ல, பிஎஃப்-கேஷ் கேட்காமலே பக்கத்தை நீட்டிடும். சேமிக்கவே சேமிக்காதேன்னு சொல்ற வார்த்தை "நோ-ஸ்டோர்". அந்த உதவித்தொகைத் தளத்தோட பதிலை டெவ்டூல்ஸ்ல திறந்து பார்த்தேன். பிரைவேட் இருந்துச்சு, நோ-கேஷ் இருந்துச்சு. நோ-ஸ்டோர் இல்ல. எழுதினவர் அக்கறை இல்லாத ஆள் இல்லன்னு அதுல தெரிஞ்சுச்சு. பேரைப் பார்த்து ஏமாந்திருக்கார்.

நம்ம புராஜெக்ட்ல எப்படின்னு பாருங்க. பிஹெச்பி-ல செஷன் தொடங்கினாலே, நீங்க கேட்காமலே, நோ-ஸ்டோர் உட்பட தடுப்பு வரிகள் தானா போயிடும். கூடவே "இந்தப் பக்கம் 1981 நவம்பர் 19-லயே காலாவதி"ன்னு ஒரு வரியும் போகும். நம்ம யாரும் பிறக்காத வருஷம். பழசு, அசிங்கம்னு நாம சிரிக்கிற பிஹெச்பி இந்த ஒரு விஷயத்துல நம்மளைக் காப்பாத்துது. ஸ்பிரிங் செக்யூரிட்டியும் அப்படித்தான், மாத்தாம விட்டா நோ-ஸ்டோர் அனுப்பும். நாம எல்லாரும் ஓடிப் போய் எடுக்கிற எக்ஸ்பிரஸ்? அதுல கேஷ்-கண்ட்ரோல் வரியே தானா வராது. நாமதான் எழுதணும். யூடியூப் பார்த்துக் கட்டின டேஷ்போர்டுல யார் எழுதுறா?

ரியாக்ட், ஜேடபிள்யூடி கூட்டத்துக்கு வேற வியாதி. அங்க லாக்-அவுட்னா லோக்கல் ஸ்டோரேஜ்ல இருக்கிற டோக்கனை அழிச்சிட்டு லாகின் பக்கத்துக்குத் தள்ளுறது, அவ்வளவுதான். சர்வருக்கு ஒரு சேதியும் போறதில்ல. அந்த டோக்கனை யாராவது முன்னாடியே எடுத்து வச்சிருந்தா, அதுல எழுதியிருக்கிற காலக்கெடு முடியிற வரைக்கும் அது செல்லும். கோயில் வாசல் கணக்குல சொன்னா, டோக்கனைக் கிழிச்சுப் போட்டுட்டோம், ஆனா ஸ்டாண்டுல நம்பர் அப்படியே இருக்கு. அந்த உதவித்தொகைத் தளத்துல இது ரெண்டாவது பாதி தப்பா இருந்துச்சு, நம்ம புராஜெக்ட்ல பெரும்பாலும் முதல் பாதியே தப்பா இருக்கு.

அப்ப எல்லாப் பக்கத்துலயும் நோ-ஸ்டோர் போட்டுடலாமான்னா, வேண்டாம். மழை நேரத்துல எங்க ஊர் நெட் தவழும். பேக் அழுத்தினா பக்கம் டக்குனு வர்றது அப்ப பெரிய உபகாரம். பேங்க் தளங்கள்ல பேக் தொட்டாலே செஷன் போயி முதல்ல இருந்து வரச் சொல்வாங்களே, அந்த எரிச்சல் உங்களுக்கே தெரியும். கல்லூரிப் பட்டியல், வழிமுறைகள், கேள்வி-பதில் பக்கமெல்லாம் சும்மா இருக்கட்டும். பேரும் நம்பரும் வருமானமும் இருக்கிற பக்கத்துக்கு மட்டும் போட்டாப் போதும். கூட ஒரு சின்ன ஸ்கிரிப்ட்: பக்கம் உறைஞ்ச நிலையில இருந்து திரும்ப வந்துச்சுன்னா, பேஜ்-ஷோ நிகழ்வுல "பெர்சிஸ்டட்"னு ஒரு கொடி உண்மையா இருக்கும். அப்ப பக்கத்தை மறுபடி லோடு பண்ணச் சொல்லலாம். லாக்-அவுட் பதில்ல "கிளியர்-சைட்-டேட்டா"ன்னு ஒரு வரி அனுப்பி, இந்தத் தளம் சம்பந்தமா வச்சிருக்கிறதை அழின்னு பிரவுசர்கிட்ட கேட்கவும் முடியும். இன்னொரு விஷயம். ரொம்ப நாளா குரோம், நோ-ஸ்டோர் போட்ட பக்கத்தை பிஎஃப்-கேஷ்ல சேர்க்காம இருந்துச்சு. இப்ப அதைக் கொஞ்சம் தளர்த்தி, ஆபத்தில்லாத சமயத்துல சேர்க்க ஆரம்பிச்சிருக்கு. குக்கி மாறுச்சுன்னா தூக்கிப் போட்டுடும். ஆகவே லாக்-அவுட்ல குக்கியை நிஜமாவே மாத்தணும் அல்லது அழிக்கணும். திரையை மட்டும் மாத்தினாப் பத்தாது.

தளம் எழுதுறவங்க பக்கம் இது. கடைப் பக்கம் என்ன செய்யலாம்னு சித்தப்பாவும் நானும் நாலு நாள் மண்டையை உடைச்சோம். கடை குரோம்ல "விட்ட இடத்துல இருந்து தொடரு"ங்கிற செட்டிங் போட்டிருந்துச்சு. காலையில வந்ததும் வழக்கமான டேப்கள் தானா திறக்கட்டும்னு சித்தப்பா வச்சது. அதுக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. பிரவுசரை மூடினா சாகணும்னு இருக்கிற செஷன் குக்கி சாகாது, டேப்களோட சேர்ந்து மறுபடி உயிரோட வரும். அதை மாத்தினோம். நாலு மெஷின்லயும் ஷார்ட்கட்ல டார்கெட் வரியோட கடைசியில ரெண்டு ஹைஃபன் போட்டு "கெஸ்ட்"னு சேர்த்தேன். இனி குரோம் எப்பவும் விருந்தாளியாத்தான் திறக்கும், எல்லா விண்டோவையும் மூடினா குக்கி, கேஷ், ஹிஸ்டரி எல்லாம் போயிடும். மூடுற வரைக்கும் பேக் வேலை செய்யும்கிறதை மறக்கக்கூடாது. அதனால ஆள் மாறுறப்ப எல்லாத்தையும் மூடிட்டுத்தான் அடுத்த ஆளுக்கு இடம்.

சித்தப்பா உடனே பிடிச்சுக்கிட்டாங்க: "ஹிஸ்டரி போயிருமா? அப்ப ரூல்ஸ்?" சரியான கேள்வி. அதே 2011 விதிகள், கடையில பார்த்த வெப்சைட்களோட ஹிஸ்டரியையும் ப்ராக்ஸி லாகையும் ஒரு வருஷமாவது சேமிச்சு வைக்கணும்னு சொல்லுது. வாடிக்கையாளர் "எதுவும் இருக்கக்கூடாது"ங்கிறார், சட்டம் "எல்லாம் இருக்கணும்"ங்குது, நடுவுல சித்தப்பா. கடைசியில பழைய மெஷின் ஒண்ணுல ப்ராக்ஸி போட்டு, எந்தத் தளத்துக்கு எத்தனை மணிக்குப் போனாங்கங்கிற பட்டியலை மட்டும் அங்க சேமிச்சோம். எங்க போனாங்கன்னு தெரியும், அங்க என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியாது. என்னைக் கேட்டா அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கோடுதான் இதுல முக்கியம். விதி எழுதினவங்க அதைப் பிரிச்சு யோசிச்ச மாதிரி எனக்குத் தோணல.

கெஸ்ட் மோடும் தொடாத ஒரு இடம் இருக்கு. டவுன்லோட்ஸ் ஃபோல்டர். அன்னைக்கு மூணாம் மெஷின்ல அதைத் திறந்தப்ப கீழ தள்ளித் தள்ளிக் கை வலிச்சுச்சு. மார்க் ஷீட், வருமானச் சான்று, இ-ஆதார். இ-ஆதார் பிடிஎஃப்புக்கு பாஸ்வேர்டு உண்டே என்பீங்க. பேரோட முதல் நாலு எழுத்தும் பிறந்த வருஷமும்தான் அது, தளத்துலயே போட்டிருக்கு. பிரிண்ட் எடுத்துக் குடுக்கிற கடைக்காரருக்குத் தெரியாம அதைத் திறக்கவும் முடியாது.

2022 மே 27-ல ஆதார் ஆணையத்தோட பெங்களூரு மண்டல அலுவலகம் ஒரு செய்திக்குறிப்பு விட்டுச்சு. இன்டர்நெட் கஃபே மாதிரி பொதுக் கம்ப்யூட்டர்ல இ-ஆதார் இறக்குறதைத் தவிருங்க, இறக்கினா எல்லா நகலையும் நிரந்தரமா அழிச்சிடுங்கன்னு அதுல இருந்துச்சு. லைசென்ஸ் இல்லாத ஹோட்டல், தியேட்டர் மாதிரி இடங்கள் ஆதார் நகலை வாங்கி வைக்கக்கூடாதுன்னும் இருந்துச்சு. நாடு முழுக்க அமளி. ரெண்டே நாள்ல, 29-ஆம் தேதி, மக்கள் தப்பாப் புரிஞ்சுக்க வாய்ப்பு இருக்குன்னு சொல்லி மத்திய அரசு அதைத் திரும்ப வாங்கிடுச்சு. குறிப்பு போச்சு, பழக்கம் அப்படியே இருக்கு. குற்றாலத்துக்கு வந்தவங்க ரூம் போட ஆதார் ஜெராக்ஸ் கேட்டு இன்னைக்கும் எங்க கடைக்கு வர்றாங்க. பொதுக் கம்ப்யூட்டரைத் தவிருங்கன்னு சொல்றது சுலபம். தவிர்க்க முடிஞ்சவங்க ஏற்கெனவே தவிர்த்துட்டாங்க. மிச்சம் இருக்கிறவங்கதான் எங்க வரிசையில நிக்கிறாங்க. நாங்க ராத்திரி கடை சாத்துறப்ப அந்த ஃபோல்டரைக் காலி பண்ண ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வச்சிருக்கோம், ரீசைக்கிள் பின்னோட சேர்த்து.

அந்தத் தளத்துக்கு நான் மெயில் போட்டேன். எப்படி உள்ள போனேன், எதை அழுத்தினேன், என்ன வந்துச்சு, எந்த வரியைச் சேர்க்கணும்னு எல்லாம் எழுதி, ஸ்கிரீன்ஷாட்ல என் விவரம் மட்டும் வச்சு. பதினோரு நாள் கழிச்சு ஒரு பதில்: சொந்தக் கருவியில பயன்படுத்தும்படி விண்ணப்பதாரர்களுக்கு அறிவுறுத்தவும். அதுக்கு மறுபடி எழுதினேன், பதில் இல்ல. இந்த வருஷம் ஜூன்ல மறுபடி முயற்சி பண்ணிப் பார்த்தேன். பேக் அழுத்தினா லாகின் பக்கம் வருது. டெவ்டூல்ஸ்ல பார்த்தா நோ-ஸ்டோர் இருக்கு. யார் சேர்த்தாங்கன்னு தெரியல. யாரோ ஒருத்தர் ஒரு வரி எழுதியிருக்கார்.

அந்த அம்மாவுக்கு சித்தப்பா அன்னைக்கே எல்லாத்தையும் விளக்கினாங்க, பையனோட அப்பாவும் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார், பிள்ளையும் வேற நம்பர் வாங்கிடுச்சு. ஆனா அவங்க இப்ப ஜெராக்ஸ் எடுக்கக்கூட அடுத்த தெருக் கடைக்குத்தான் போறாங்க.

இதைப் படிக்கிறவங்கள்ல முக்கால்வாசிப் பேர் இந்த செமஸ்டர்ல ஒரு லாகின் பக்கமாவது எழுதுவீங்க. ரிவ்யூவுக்கு முந்தின நாள் ராத்திரி இதை மட்டும் செஞ்சு பாருங்க. உள்ள போங்க, உங்க பேர் வர்ற பக்கத்தைத் திறங்க, லாக்-அவுட் பண்ணுங்க, பேக் அழுத்துங்க. அப்புறம் வைஃபையை அணைச்சிட்டு மறுபடி. டோக்கன் வச்சு எழுதியிருந்தா, லாக்-அவுட் பண்றதுக்கு முன்னாடியே அதைக் காப்பி பண்ணி வச்சுக்கோங்க. அப்புறம் போஸ்ட்மேன்ல அதைப் போட்டு சர்வர் இன்னும் பதில் சொல்லுதான்னு பாருங்க. எங்க லேப்ல நண்பர்கள் புராஜெக்ட்கள்ல செஞ்சு பார்த்தோம், ரெண்டு பேர் என்கிட்ட பேசுறதை ஒரு நாள் நிறுத்தினாங்க. குரோம்ல முடிச்சதும் ஃபயர்ஃபாக்ஸ்லயும் ஒரு தடவை பாருங்க. இதுல வராதது அதுல வரலாம்.